மேல்தளத்து அம்மாவின் முழங்கால்

சாவிக்காரர் செய்த குற்றம் மாடியிலிருந்து கீழே இறங்கி வந்ததுதான்.

அந்தக் கட்டடத்தின் மேல்தளத்தில் அவரும் அவர் மனைவியும் நெடுங்காலம் குடியிருந்தார்கள். மனைவியின் வலது முழங்கால் தேய்ந்துபோய், படியேறும்போதெல்லாம் எண்ணெய் காணாத கதவுக் கீலைப் போல ஒலி எழுப்பத் தொடங்கியது. தரைத்தளத்து வீடு காலியானதும் சாவிக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனையும் மனமிரங்கி, அறுவை சிகிச்சைக்கென்று அந்த அம்மாவுக்கு ஒரு கட்டிலை ஒதுக்கியது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து படுக்காவிட்டால் கட்டில் அடுத்தவருக்குப் போய்விடும் என்றும் சொல்லிவைத்தது. நோயாளியின் கணவர் ஒப்புதல் கையெழுத்திட வேண்டும். அவர் குடியிருக்கும் முகவரி பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் செவிலியர் வீடு தேடி வருவார் அல்லவா?

பதிவுகள் உரைப் பதிவு இயக்ககத்தில் இருந்தன. அந்நகரத்தார் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதப்பட்ட பெயர், தொழில், கதவு எண், உறவு, நோய் யாவும் அங்கேதான் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. அண்மையில் அவை அனைத்தும் பொருள்நோக்கு நிரல்மொழி எனப்படும் கணினி மொழி ஒன்றில் எழுதப்பட்ட புதிய மென்பொருளுக்குக் குடிபெயர்ந்தன. அம்மொழியில் வரிசையாகக் கோத்த எழுத்துகளுக்குச் சரம் என்று பெயர். ஒவ்வொரு சரமும் ஒரு பொருள். அதற்கென்று ஓர் இடம் உண்டு. ஒருமுறை பிறந்த சரம் அதன்பின் மாறாது என்பது அம்மொழியை ஆக்கியோர் வகுத்த விதி. வேறு எழுத்து வேண்டுமாயின் வேறு சரம் செய்துகொண்டு, பழையதைச் சுட்டிக்கொண்டிருந்த விரலைப் புதியதன் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். அறிவுள்ள விதிதான். பலரும் நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒன்றை ஒருவர் வந்து அடித்துத் திருத்திவிட்டால் மற்றவர் கதி என்னாவது? ஆகவே விதியில் பிழை இல்லை. அவ்விதியின் முற்பாதியை மட்டும் ஓர் இயக்குநர் படித்துவிட்டார் என்பதுதான் பிழை.

இயக்ககத்தின் கூடத்தில் ஒரு பலகை தொங்கியது. "சரம் மாறாது, நாமும் மாறோம்." பணி தொடங்குமுன் ஊழியர் அனைவரும் எழுந்து நின்று அதை உரக்கச் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் அமர்வார்கள். அன்றைய வேலையில் பெரும்பகுதி அத்துடன் முடிந்துவிடும்.

மென்பொருளை எழுதிய நிரலாளரையே, பொதுமக்களின் மனு வாங்கும் சாளரத்தில் உட்கார வைத்திருந்தார்கள். களைத்த கண்களும் கனிவான குரலும் கொண்ட பெண் அவர்.

"முகவரிய மாத்தணும்மா," என்றார் சாவிக்காரர்.

நிரலாளர் இருபுறமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வார்த்தைய இங்க சொல்லாதீங்க சார். மாத்தறதுன்னு ஒண்ணு இங்க கிடையாது."

"நான் கீழ இறங்கி வந்துட்டேனே."

"நீங்க இறங்கலாம். உங்க சரம் இறங்காது. மேல்தளம்னு எழுதினது மேல்தளம்னேதான் இருக்கும். வேணும்னா தரைத்தளம்னு புதுசா ஒருத்தரைச் செஞ்சு தரேன்."

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார் நிரலாளர்.

அவர் வேலையைத் தொடங்கினார். பழைய சரத்தின் தலையிலிருந்து கதவு எண் வரைக்கும் ஒரு துண்டை நகலெடுத்தார். அதனோடு 'தரைத்தளம்' என்பதைக் கூட்டினார். அதனோடு தெருவையும், அதனோடு தொழிலையும் கூட்டினார். ஒவ்வொரு முறை கூட்டும்போதும் திரையின் ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது.

"அதெல்லாம் என்னம்மா?"

"நடுவுல வந்த ஆளுங்க சார். மாறாத சரத்தை ஒட்டும்போது ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒருத்தர் பிறப்பாரு. இவருக்குப் பேரு இருக்கு, தெரு இல்ல. அவருக்குத் தெரு இருக்கு, தொழில் இல்ல. கண்டுக்காதீங்க."

தெருவில்லாத அந்த மனிதரை நினைத்துச் சாவிக்காரர் சற்று வருந்தினார். நிரலாளர் கடைசியாக ஒரு பொத்தானை அழுத்தி, "முன்னாலயும் பின்னாலயும் கொஞ்சம் வெற்றிடம் இருந்துச்சு. சீவி விட்டுட்டேன்," என்றார். தம்மிடம் அப்படி எதுவும் இருந்ததாகச் சாவிக்காரருக்கு நினைவில்லை. இருந்தாலும் புதிய பதிவு அட்டையை வாங்கிக்கொண்டு, முடி வெட்டிக்கொண்டவரைப் போல இலேசாக வீடு திரும்பினார்.

மறுநாள் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். வரவேற்பாளர் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சாவிக்காரரைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

"இந்த அம்மாவோட வீட்டுக்காரர் வரலையா?"

"நான்தாங்க."

"நீங்க தரைத்தளம். இவங்க வீட்டுக்காரர் மேல்தளம். இவங்க பதிவு அவரைத்தான் சுட்டுது. உங்களுக்குக் கல்யாணமே ஆகலையே சார்."

மனைவி சாவிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். "இத அப்பவே சொல்லியிருந்தா நான் வேற இடம் பாத்திருப்பேன்."

"எதுக்கும் ஒரு தடவை கேட்டுப் பாத்துடறேன்," என்றார் வரவேற்பாளர். "மனைவிங்கற இடம் உங்க பதிவுல வெறுமையா இருக்கா, இல்ல அப்படி ஓர் இடமே இல்லையான்னு."

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"வெறுமைன்னா ஒண்ணுமில்லைன்னு பதில் வரும். இடமே இல்லைன்னா..."

அவர் பொத்தானை அழுத்தினார். கூடத்திலிருந்த திரைகள் யாவும் ஒருசேர அணைந்தன. மருந்துச் சீட்டு கொடுக்கும் எந்திரம் பாதிச் சீட்டைத் துப்பிவிட்டு நின்றது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்லாத மனைவியோட பேரைக் கேட்டா இப்படித்தான் ஆகும்," என்றார் வரவேற்பாளர், யாரையும் குறை சொல்லாத குரலில்.

வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவி காலை இழுத்து இழுத்து நடந்தார். சாவிக்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இறங்கியதால் வந்த வினைதானே? ஏறிவிட்டால் போயிற்று.

"அம்மா, தெரியாம கேட்டுட்டேன்," என்றார் நிரலாளரிடம். "பழையபடி மேல்தளம்னே போட்டுடுங்க."

நிரலாளர் சொன்னதைச் செய்தார். வந்த சரத்தை முதல் சரத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"அப்பாடா," என்றார் சாவிக்காரர். "நான் நானாயிட்டேன்."

"இல்ல சார். இப்ப நீங்க மூணாவது ஆள். முதல் ஆள் மாதிரியே இருக்கீங்க. ஆனா அவர் இல்ல."

"எழுத்துக்கு எழுத்து ஒண்ணுன்னு இப்பத்தானேம்மா சொன்னீங்க?"

"எழுத்து ஒண்ணுதான். இடம் வேற."

வாழ்நாளெல்லாம் ஒரு சாவிக்கு இன்னொரு சாவி வெட்டிக் கொடுத்தே வயிறு வளர்த்தவர் சாவிக்காரர். இந்தப் பேச்சு மட்டும் அவருக்கு விளங்கவில்லை. பையிலிருந்து இரண்டு சாவிகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது ரெண்டும் ஒரே வெட்டும்மா. எதப் போட்டாலும் கதவு திறக்கும். வீட்டுக்குள்ள போறவனுக்கு அது போதாதா?"

நிரலாளர் அவ்விரண்டையும் எடுத்துப் பார்த்து, மெல்லக் கீழே வைத்தார். "கதவு திறக்குதான்னு நாங்க பாக்கறதில்ல சார். சாவி எந்த ஆணியில தொங்குதுன்னுதான் பாப்போம்."

சாவிக்காரர் சாவிகளை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"மொழி மேல தப்பில்ல," என்றார் நிரலாளர் தணிந்த குரலில். "புதுசு செஞ்சதும் உங்க மனைவியோட பதிவு காட்டற விரலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விட்டா போதும். ஒரு வரி வேலை. ஆனா விரலைத் திருப்பக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டிருக்காங்க. இயக்குநரைப் பாருங்க."

அன்றிரவு மனைவி கதையை முழுவதும் கேட்டார். "அப்ப மேல இப்ப எத்தனை பேரு இருக்கீங்க?"

"ரெண்டு பேரு. கீழ ஒருத்தன்."

"மேல நாம ரெண்டு பேரு இருந்தப்பவே அந்தச் சமையலறையில திரும்ப முடியாது," என்றார் மனைவி, முழங்காலில் வெந்நீர் ஒற்றியபடி.

இயக்குநரின் அறையில் இரண்டு நாற்காலிகள் அருகருகே இருந்தன. ஒன்றில் இயக்குநர் அமர்ந்திருந்தார். மற்றொன்று காலியாக இருந்தது. அதன் முன்னிருந்த மேசையில் கோப்புகள் கழுத்தளவு குவிந்திருந்தன. அங்கிருந்த தொலைபேசி ஒலித்துக்கொண்டே இருந்தது. எவரும் அதை எடுக்கவில்லை.

"அது யாரோட இடம் சார்?" என்று கேட்டார் சாவிக்காரர்.

"என்னுடையது. பதவி உயர்வுக்கு முன்பு நான் துணை இயக்குநர். பதவி உயர்ந்ததும் புதிதாக நான் உருவாக்கப்பட்டேன். அவர் அப்படியே இருக்கிறார்."

"அந்தக் கோப்பெல்லாம்?"

"அவர் கையெழுத்திட வேண்டியவை. நான் எப்படி இடுவது? போதாக்குறைக்கு அவர் விடுப்பில் இருக்கிறார். எனக்கு இன்னும் விடுப்பு அனுமதிக்கப்படவில்லை." இயக்குநர் அந்த நாற்காலியைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார்.

ஒருவரே எதிரில் இருந்தாலும் ஓராயிரம் பேர் இருப்பதாகக் கொண்டு பேசுவது அவர் வழக்கம். எழுந்து நின்றுகொண்டார்.

"ஐயா, முன்பெல்லாம் இந்த அலுவலகத்தில் ஓர் எழுத்தர் தேநீர் குடித்துக்கொண்டே ஒரு மனிதருடைய தெருவை மாற்றிவிடுவார். வந்தவரும் உடனே வீட்டுக்குப் போய்விடுவார். எவ்வளவு பெரிய ஒழுங்கீனம். இன்று இந்தக் கட்டடத்தில் எவராலும் எதையும் மாற்ற முடியாது. என்னாலேயே முடியாது. ஒரு துறைக்கு இதைவிடப் பெருமை என்ன வேண்டும்? பொதுமக்கள் இங்கே திரும்பத் திரும்ப வருகிறார்கள். முன்பு ஒருமுறை வந்தவர் அப்புறம் எட்டிப் பார்த்ததுண்டா? இப்போது எங்கள்மீது அவர்களுக்கு அவ்வளவு பற்று."

"விரலை மட்டும் கொஞ்சம் திருப்பினா போதும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு சார்."

இயக்குநரின் முகம் இருண்டது. "விரலைத் திருப்புவதும் மாற்றந்தான். இன்று விரல் திரும்பும். நாளை கழுத்து திரும்பும். அப்புறம் கொள்கை என்ன ஆவது?"

"அப்ப யாருமே சுட்டாத இந்த ரெண்டாவது, மூணாவது ஆளுங்க?"

"கவலை வேண்டாம். யாரும் சுட்டாதவரைத் துப்புரவாளர் எடுத்துக்கொள்வார்."

"எப்ப வருவாரு?"

"அவருக்குத் தோன்றும்போது. நாம் அவரைக் கூப்பிட முடியாது. வேண்டுகோள் விடுக்கலாம். கேட்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை."

சாவிக்காரர் தம் அட்டையை எடுத்துப் பார்த்தார். "சார், அப்ப அவரு எடுத்துட்டுப் போறது என்னையா?"

"வலிக்காது," என்றார் இயக்குநர் அன்போடு. "உங்களை யாரும் சுட்டாததால்தானே எடுக்கிறோம். ஆகையால் நீங்கள் போனதும் யாருக்கும் தெரியாது. நாங்கள் யாரையும் வருத்தப்பட வைப்பதில்லை."

சாவிக்காரரின் முகம் வெளுத்ததைக் கண்ட இயக்குநருக்கு இரக்கம் பிறந்தது. விதிக்கு உட்பட்டே ஒரு வழியும் கண்டார். விரலைத் திருப்பக் கூடாது, சரி; புதிதாக ஒரு மனைவியைச் செய்யத் தடை இல்லையே? தரைத்தளத்துக் கணவரைப் பிறவியிலேயே சுட்டுகிற, தரைத்தளத்து மனைவி ஒருவர் அன்று மாலையே உருவாக்கப்பட்டார்.

வியாழக்கிழமை காலை அந்தப் புதிய மனைவி, பழைய மனைவியின் காலை இழுத்துக்கொண்டு மருத்துவமனை வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தார். வரவேற்பாளர் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வீட்டுக்காரர் சரியா இருக்காரு. முகவரி சரியா இருக்கு. உங்களுக்கு என்னம்மா செய்யுது?"

"முழங்கால்."

"உங்க முழங்காலுக்கு ஒண்ணுமில்லையே. நோய்னு எதுவுமே எழுதலையே. அது மேல்தளத்து அம்மாவுக்கு. கட்டிலும் அவங்களுக்குத்தான் ஒதுக்கியிருக்கு."

"அப்ப அவங்க வலிய நான் எதுக்குச் சுமந்துக்கிட்டு அலையறேன்?" என்று கேட்டார் மனைவி.

பதில் எழுதப்படாத கேள்விகள் வரவேற்பாளரின் காதில் விழுவதில்லை. "நாளைக் காலையில அந்த அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும் வந்தாகணும்," என்று மட்டும் நினைவூட்டினார். "இல்லேன்னா கட்டில் அடுத்தவங்களுக்கு."

வெளியே இருந்த சிமெண்டு மேடையில் மனைவி உட்கார்ந்தார். முழங்கால் வீங்கிப் பளபளத்தது. சாவிக்காரர் குனிந்து அதைப் பார்த்தார், தொடத் துணியவில்லை. எவ்வளவு கெட்டுப்போன பூட்டானாலும் அவர் கையில் ஒரு கம்பி இருந்தால் போதும். இதைத் திறக்கும் கம்பி அவரிடம் இல்லை.

"என்னங்க," என்றார் மனைவி. "அந்தப் பொண்ணு என்ன சொல்லிச்சு? சாவி எந்த ஆணியில தொங்குதுன்னுதான் பாப்பாங்களா?"

"ஆமா."

"அப்ப அந்த ஆணியில போய்த் தொங்குவோம். எழுந்திருங்க."

மேல்தளத்து வீடு இன்னும் காலியாகவே இருந்தது. இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் ஏற்கெனவே அங்கே குடியிருப்பதாகப் பதிவு சொன்னதால் வீட்டு உரிமையாளரால் அதை வாடகைக்கு விட முடியவில்லை. நீங்களாவது இருந்து தொலையுங்கள் என்று அவர் திறந்துவிட்டார். இயக்ககத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, பதிவில் உள்ளவர் அங்கேதான் இருக்கிறார் என்று நேரில் பார்த்துச் சான்று தரும் இடச் சரிபார்ப்புக்கு ஆள் அனுப்பச் சொன்னார் சாவிக்காரர்.

பிறகு மனைவி படியேறினார். ஒவ்வொரு படியிலும் முதலில் இடக்காலை வைத்து, சுவரைப் பிடித்து, வலக்காலைத் தூக்கி அதனருகில் சேர்த்தார். தூக்கிப் போகட்டுமா என்று கேட்ட கணவரை ஒரு பார்வையால் நிறுத்தினார். படிக்கட்டு திரும்பும் இடத்தில் உட்கார்ந்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "மேல இருக்கறவ பாவங்க," என்றார். "தினமும் இத ஏறிக்கிட்டு இருக்கா." மறுபடி எழுந்தார். ஒரு காலுக்கு மருந்து வேண்டுமென்றால் அந்தக் காலையே இப்படி ஒடித்துக் காட்ட வேண்டும் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. ஆனால் அதன்படிதான் நடந்தது.

வெறுந்தரையில் செய்தித்தாளை விரித்து இருவரும் உட்கார்ந்திருந்தபோது இயக்குநரே மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இடச் சரிபார்ப்பு என்பது துறையின் உயிர்நாடியான சடங்கு. அதைப் பிறரிடம் விடுவதில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, சாவிக்காரரின் முகத்தைக் கூர்ந்து நோக்கினார்.

"நீங்கள் யார்?"

"மேல்தளம் சார்."

"இங்கேதான் இருக்கிறீர்களா?"

"எங்கயும் போகல சார்."

இயக்குநரின் கண்கள் பனித்தன. "ஐயா, நேற்று ஒருவர் என்னிடம் வந்தார். உங்களைப் போலவே இருந்தார். அதே மூக்கு, அதே சட்டை. பயிற்சியில்லாத கண்ணாக இருந்தால் நீங்களும் அவரும் ஒருவரே என்று ஏமாந்துபோயிருக்கும். ஆனால் அவர் மாற வேண்டும், மாற வேண்டும் என்று துடிக்கிற பேர்வழி. நீங்களோ எழுதியபடியே இருக்கிறீர்கள். இந்நகருக்கு நீங்கள் ஓர் எடுத்துக்காட்டு." குறிப்பேட்டில் அடையாளமிட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். "இன்னொருவரும் இங்கே இருக்க வேண்டுமே? உங்களுக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்தவர்?"

"வெளிய போயிருக்காருங்க," என்றார் மனைவி. "அவரு காலு வீட்டுல தங்காது."

வெள்ளிக்கிழமை மேல்தளத்துக் கணவர் கையெழுத்திட்டார். மேல்தளத்து அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர் கெட்டிக்காரர், எழுத்தை விட்டுவிட்டு எலும்பைப் பார்த்தார். காயம் ஆறும்வரை செவிலியர் தவறாமல் மேல்தளத்துக்கு வந்து, பூட்டிய கதவைத் தட்டி, நோயாளி நடமாடத் தொடங்கிவிட்டார் போலும் என்று மகிழ்ந்து இறங்கிப் போனார். தரைத்தளத்து வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அவர் போகிறபோக்கில் வணக்கம் சொல்லத் தவறியதில்லை. காலில் இருந்த கட்டை, கடைத்தெரு மருத்துவர் ஒருவர் பிரித்துவிட்டார்.

கால் நேரானது. மனைவி நடந்தார்; சந்தைக்குப் போனார்; ஒருநாள் கணவரைவிட வேகமாக நடந்து, முன்னால் போய் நின்று அவரைக் கேலியும் செய்தார். துப்புரவாளர் இன்னும் வரவில்லை. அவ்வப்போது கதவு தட்டப்படும்போது மட்டும் சாவிக்காரர் சற்றுத் தயங்கியே எழுந்தார்.

மருத்துவமனையும் தன் கடமையில் தவறவில்லை. முழங்கால் குணமாயிற்று என்ற செய்தியை இயக்ககத்துக்கு முறைப்படி அனுப்பியது. தேய்ந்த முழங்கால் என்று எழுதிய சரம் மாறாது அல்லவா? ஆகவே நல்ல முழங்காலோடு மேல்தளத்தில் இன்னொரு அம்மா உருவாக்கப்பட்டார். முந்தைய அம்மா தேய்ந்த முழங்காலோடு அங்கேயே இருந்தார். கட்டில் அவரைச் சுட்டிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் மாலை தொலைபேசி ஒலித்தது. மனைவிதான் எடுத்தார்.

"மேல்தளத்து அம்மாவா?" என்றது வரவேற்பாளரின் குரல். "உங்க முழங்கால் இன்னும் சரியாகலைன்னு இருக்கு. அறுவை சிகிச்சைக்குக் கட்டில் தயாரா இருக்கு. எப்ப வரீங்க?"

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, வலக்காலை இடக்காலின்மேல் தூக்கி மடித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவங்க மேல இருக்காங்க. நீங்களே படியேறிப் போய்ச் சொல்லிடுங்க," என்றார். "நான் கீழ்வீடு. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."